ரெஃபரன்ஸ் கேட்டால் யாரைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

இன்டர்வியூ எல்லாச் சுற்றும் முடிந்திருக்கும். சம்பளம்கூடப் பேசியாகிவிட்டிருக்கும். அப்போதுதான் எச்.ஆரிடமிருந்து மெயில் வரும்: "நாளைக்குள் 3 பேருடைய ரெஃபரன்ஸ் விவரம் அனுப்புங்கள்." அதைப் பார்த்த பிறகே பலர் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். போனில் கிடக்கும் பழைய எண்களைத் துழாவி, கிடைத்த மூன்று பெயரை அனுப்பிவிட்டு, அந்த மூவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் மீட்டிங்குக்கு நடுவே தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. "யாரு? ஓ, அவரா... ஆமா, எங்க டீம்லதான் இருந்தார்" என்று இழுக்கிறார் பழைய மேனேஜர். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கேட்டவர் காதில் விழுந்தது அந்த இழுப்புதான்.

வேலை தேட ஆரம்பிக்கும் வாரத்திலேயே ரெஃபரன்ஸையும் தயார் செய்துவிட வேண்டும். எதை, எந்த வரிசையில் செய்வது என்று பார்க்கலாம்.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது

இரண்டு தனித்தனி வேலைகளைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது சரிபார்ப்பு, அதாவது பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன். நீங்கள் சொன்ன கம்பெனியில், சொன்ன தேதிகளில், சொன்ன பதவியில் இருந்தீர்களா என்று பழைய கம்பெனியின் பதிவோடு ஒப்பிடுவார்கள். பெரும்பாலும் வெளி ஏஜென்சி ஒன்று இதைச் செய்யும். யாருடைய அபிப்பிராயத்துக்கும் இங்கே இடமில்லை. இரண்டாவதுதான் ரெஃபரன்ஸ்: உங்களோடு வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து, உங்கள் வேலை எப்படி என்று விசாரிப்பது.

முதலாவதில் மாட்டுபவர்கள் பொய் சொன்னதால் மாட்டுவது குறைவு. அசட்டையால்தான் மாட்டுகிறார்கள். ரெஸ்யூமேயில் "2019 – 2022" என்று இருக்கும். பதிவில் டிசம்பர் 2019 முதல் ஜனவரி 2022 வரை இருக்கும். மூன்று வருஷம் என்று படித்தவருக்கு இரண்டு வருஷச் சொச்சம்தான் கிடைக்கிறது. ஆகவே மாதமும் சேர்த்து எழுதுங்கள். சேர்ந்தபோது வந்த நியமனக் கடிதத்தையும் விலகியபோது தந்த கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பதவிப் பெயரும் அப்படித்தான். செய்தது டீம் லீட் வேலையாக இருக்கலாம், எச்.ஆர். பதிவில் சீனியர் அசோசியேட் என்று இருந்தால் அதையே பதவியாகப் போட்டு, அடுத்த வரியில் "6 பேர் கொண்ட டீமை நடத்தினேன்" என்று எழுதுவதுதான் பாதுகாப்பு.

கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெரிய கம்பெனியின் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பீர்கள், சம்பளம் போட்டது வேறொரு ஏஜென்சி. ரெஸ்யூமேயில் பெரிய கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தால், அங்கே கேட்கும்போது "அப்படி ஒருவர் எங்கள் பட்டியலில் இல்லை" என்றுதான் பதில் வரும். சம்பளம் தந்த ஏஜென்சியின் பெயரை முதலிலும், வேலை பார்த்த இடத்தை அடுத்தும், இரண்டையும் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது வகை விசாரணை பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடப் போன் பேச்சு. சில கம்பெனிகள் போனுக்குப் பதில் ஆன்லைன் படிவம் அனுப்புகின்றன. பத்துப் பதினைந்து கேள்வி, சிலவற்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், சில நாட்களில் காலாவதியாகும் லிங்க். கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், எவ்வளவு நாள், உங்களுக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்தாரா? என்ன பொறுப்பு? எதில் கெட்டிக்காரர்? எதில் இன்னும் தேற வேண்டும்? நெருக்கடி வந்தால் எப்படி நடந்துகொள்வார்? ஏன் விலகினார்? கடைசியில், கட்டாயம் என்று சொல்லும் அளவுக்கு வரும் கேள்வி: "வாய்ப்பு கிடைத்தால் இவரைத் திரும்பவும் வேலைக்கு எடுப்பீர்களா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் உரைகல். "நிச்சயமா" என்று உடனே வரும் பதிலுக்கும், இரண்டு நொடி மௌனத்துக்குப் பிறகு "ம்... எந்த ரோல் என்பதைப் பொறுத்து" என்று வரும் பதிலுக்கும் உள்ள தூரம் விசாரிப்பவருக்கு நன்றாகவே தெரியும். யாரைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது, ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வார் என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். தயங்குவார் என்று பட்டால் அவர் வேண்டாம், எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

பதவியைப் பார்த்து மயங்குவதுதான் இங்கே பொதுவான தவறு. ஒரு டைரக்டர் உங்கள் பெயரையும் முகத்தையும் நினைவில் வைத்திருக்கலாம். ஆனால் "அவர் செய்த வேலையில் ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்றதும் பொத்தாம்பொதுவாக "நல்ல பையன், கடுமையான உழைப்பாளி" என்பதோடு நின்றுவிடுவார். உங்கள் வேலையைத் தினமும் பார்த்த டீம் லீட், எந்த மாதம் எந்த ப்ராஜெக்ட் தள்ளாடியது, நீங்கள் அதை எப்படிச் சரி செய்தீர்கள் என்று சொல்வார். கேட்பவருக்கு வேண்டியது பின்னவர்தான்.

மூன்று பேர் கேட்டால், இருவர் உங்களுக்கு மேலே இருந்தவர்களாக இருக்கட்டும், அதில் ஒருவராவது நேரடி மேனேஜர். மூன்றாமவர் சக ஊழியராகவோ, கஸ்டமர் பக்கம் இருந்தவராகவோ, வேறு டிபார்ட்மென்டில் உங்களோடு சேர்ந்து வேலை பார்த்தவராகவோ இருக்கலாம். ஆட்களை நிர்வகிக்கும் பொறுப்புக்குப் போகிறீர்கள் என்றால் உங்கள் கீழ் வேலை பார்த்த ஒருவரையும் கேட்பது உண்டு; அவரையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். கடந்த ஐந்தாறு வருஷத்துக்குள் உங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு முன்னுரிமை. பத்து வருஷத்துக்கு முந்தைய மேனேஜர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், "இப்போது எப்படி இருக்கிறார்?" என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

சொந்தக்காரர்கள் கூடாது. ஒரே கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பாவாக இருந்தாலும் கூடாது. உறவு தெரியவந்தால் மற்ற இருவர் சொன்னதன் மதிப்பும் சேர்ந்து குறையும்.

மூன்று பேர் கேட்பார்கள் என்றால் ஐந்தாறு பேரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒருவர் விடுமுறையில் இருப்பார், ஒருவர் எண்ணை மாற்றியிருப்பார், ஒருவர் நீங்கள் விண்ணப்பிக்கும் கம்பெனிக்கே போட்டிக் கம்பெனியில் சேர்ந்திருப்பார்.

இப்போதுதான் படிப்பை முடித்தவர்களுக்கு ப்ராஜெக்ட் கைடு, இன்டர்ன்ஷிப்பில் மேற்பார்வையிட்டவர், பகுதிநேர வேலையின் சூப்பர்வைசர், தன்னார்வப் பணியை ஒருங்கிணைத்தவர் ஆகியோர் பொருத்தம். பாடம் நடத்தியவர்களில், அதிக மார்க் போட்டவரைவிட உங்கள் ப்ராஜெக்டைக் கிட்டத்தில் பார்த்தவரே மேல். ஃப்ரீலான்ஸ் செய்தவர்கள் திரும்பத் திரும்ப வேலை கொடுத்த கிளையன்டைக் கேட்கலாம். மறுபடி வேலை கொடுத்தார் என்பதே பாதிச் சான்று. குழந்தை வளர்ப்பு, உடல்நலம் என்று சில வருஷம் இடைவெளி விட்டவர்கள், இடைவெளிக்கு முன்பிருந்த மேனேஜரை ரெஃபரன்ஸ் கேட்கும் நாளில் முதன்முதலாகக் கூப்பிடக் கூடாது. வேலை தேட ஆரம்பிக்கும்போதே ஒரு தடவை நலம் விசாரித்து, மறுபடி வேலைக்கு வரப்போவதைச் சொல்லி வையுங்கள். பழைய கம்பெனி மூடிவிட்டதா? அங்கிருந்த மேனேஜர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடிப் பிடியுங்கள், சரிபார்ப்புக்குச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் வரி ஆவணமும் கைகொடுக்கும்.

எப்படிக் கேட்பது

"சார், உங்க பேரைக் கொடுத்திருக்கேன்" என்று தகவல் சொல்வது கேட்டதாகாது. அவர் மறுக்க வழி வைத்துக் கேட்க வேண்டும். மறுக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்தான் பிறகு போனில் மழுப்புவார். முதலில் போனில் பேசுங்கள், பிறகு எழுத்தில் அனுப்புங்கள். நேரடியாகப் போனில் கூப்பிடும் பழக்கம் இல்லாதவர் என்றால் இப்படி ஒரு செய்தி போதும்:

"வணக்கம் சார். ஒரு கம்பெனியில் சீனியர் அனலிஸ்ட் வேலைக்குக் கடைசிச் சுற்று வரை வந்திருக்கிறேன். அடுத்த வாரம் ரெஃபரன்ஸ் கேட்பார்கள் போலிருக்கிறது. பில்லிங் ப்ராஜெக்டில் இரண்டு வருஷம் உங்கள் டீமில் இருந்ததால் உங்கள் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்க நினைத்தேன். என் வேலையைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் சொல்லுங்கள் சார். இப்போது வசதிப்படாது என்றாலும் ஒன்றுமில்லை, வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன். சரியென்றால் தேவையான விவரத்தை ஒரே பக்கத்தில் அனுப்பி வைக்கிறேன். கால் மணி நேரம் பேச வேண்டியிருக்கும்."

இதில் முக்கியமான வரி "நல்லபடியாகச் சொல்ல முடியும் என்று தோன்றினால்" என்பது. சும்மா ரெஃபரன்ஸ் தருவீர்களா என்றால் எல்லாரும் சரி என்பார்கள். பதிலையும் கவனித்துப் படியுங்கள். "எப்ப கூப்பிடுவாங்க? என்ன ரோல்? எதை எடுத்துச் சொல்லணும்?" என்று திருப்பிக் கேட்பவர் உங்கள் ஆள். "போடுங்க, பார்த்துக்கலாம்" என்று முடிப்பவரை இரண்டாம் வரிசையில் வையுங்கள். இரண்டு நாளாகப் பதிலே வரவில்லை என்றால் அதுவே பதில். தொல்லை கொடுக்காமல் அடுத்தவரிடம் போங்கள்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ரெஃபரன்ஸ் பேச அவருடைய கம்பெனி அனுமதிக்கிறதா? பல பெரிய நிறுவனங்களில் மேனேஜர்கள் பேசக் கூடாது, எச்.ஆர். மட்டுமே தேதியையும் பதவியையும் உறுதி செய்யும் என்று விதி உண்டு. வழக்கு வம்பு வேண்டாம் என்பதுதான் காரணம். அப்படியானால் புதிய கம்பெனிக்கு அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "தேதியைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே" என்று அங்கே சந்தேகம் முளைக்கும். அதே கம்பெனியிலிருந்து ஏற்கெனவே வெளியேறிய மேனேஜருக்கு பொதுவாக இந்தக் கட்டுப்பாடு இருக்காது. அவர்தான் நல்ல மாற்று.

அவர் கையில் கொடுக்க வேண்டியவை

சம்மதித்தவரிடம் நினைவாற்றலை எதிர்பார்க்காதீர்கள். அவருக்குக் கீழே எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். ஒரே பக்கத்தில் இவற்றை எழுதி அனுப்புங்கள்: விண்ணப்பித்த கம்பெனி, பதவி, வேலை விவரத்தின் சாரம் நாலைந்து வரியில், நீங்கள் அவரோடு வேலை பார்த்த மாதம், வருஷம், உங்கள் பதவி, சேர்ந்து செய்த வேலையில் மூன்று சம்பவங்கள், எண்ணிக்கையோடு, எப்போது, யார், எந்த எண்ணிலிருந்து அல்லது எந்த முகவரியிலிருந்து தொடர்புகொள்வார்கள் என்பது. அந்தக் கம்பெனிக்கு அனுப்பிய அதே ரெஸ்யூமேயையும் இணைத்துவிடுங்கள்.

மூன்று சம்பவங்களை மூவருக்கும் ஒரே மாதிரி அனுப்பாதீர்கள். ஒருவர் உங்கள் தொழில்நுட்பத் திறமையையும், ஒருவர் ஆட்களோடு பழகும் விதத்தையும், ஒருவர் நெருக்கடியில் நின்ற விதத்தையும் சொல்லும்படி பிரித்துக் கொடுங்கள். மூன்று பேரும் ஒரே சம்பவத்தை ஒரே வார்த்தைகளில் சொன்னால் ஒப்பித்தது என்று தெரிந்துவிடும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நீங்கள் சொன்னதும் அவர் சொல்வதும் முட்டக் கூடாது. ஒன்று, ஏன் விலகினீர்கள் என்பது. இன்டர்வியூவில் "டீமைக் கலைத்துவிட்டார்கள்" என்று சொல்லியிருந்து, அவர் "வேறு நல்ல ஆஃபர் வந்தது என்றார்" என்று சொன்னால் இரண்டுமே உண்மையாக இருந்தாலும் ஒன்று பொய்யாகத் தெரியும். இரண்டு, உங்கள் குறை. இன்டர்வியூவில் "வேலையைப் பகிர்ந்து கொடுக்கத் தயங்குவேன், இப்போது மாற்றிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அதை அவரிடமும் சொல்லி வையுங்கள். குறையே இல்லை என்று சொல்லும் ரெஃபரன்ஸை யாரும் நம்புவதில்லை; உண்மையான, சிறிய, சரிசெய்து வரும் ஒரு குறையை அவர் சொன்னால் மற்ற புகழ்ச்சிக்கும் எடை கூடும். எதையும் பொய்யாகச் சொல்லச் சொல்லாதீர்கள். அவர் பெயரும் இதில் அடகு வைக்கப்படுகிறது.

பட்டியல் தாள்

ரெஸ்யூமேயில் ரெஃபரன்ஸ் பெயர்களைப் போட வேண்டாம். "கேட்டால் தரப்படும்" என்ற வரியும் வேண்டாம். கேட்டால் தருவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் ஒரு சாதனையை எழுதலாம். பட்டியலைத் தனித் தாளாக, ரெஸ்யூமேயின் அதே எழுத்துரு, அதே தலைப்போடு பி.டி.எஃப். ஆக வைத்திருங்கள். ஒருவருக்கான பதிவு இப்படி இருக்கட்டும்:

பெயர்: (முழுப் பெயர்)
இப்போதைய பதவி, நிறுவனம்:
என்னோடு வேலை பார்த்தபோது: டெலிவரி மேனேஜர், பில்லிங் ப்ராஜெக்ட்
உறவு: நேரடி மேனேஜர், ஏப்ரல் 2020 – ஜூலை 2022
போன்: நாட்டுக் குறியீட்டோடு
மெயில்: அலுவலக முகவரி
பேச வசதியான நேரம்: வார நாட்களில் மாலை 4 முதல் 6 வரை

இதில் பலர் விட்டுவிடுவது மூன்றாவது வரி. அவர் இப்போது வேறு கம்பெனியில் இருந்தால், அந்தக் கம்பெனியில் நீங்கள் வேலை பார்க்கவே இல்லையே என்று குழம்புவார்கள். மெயில் முகவரி அலுவலகத்துடையதாக இருப்பது நல்லது. இலவச முகவரியை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்பதால் சரிபார்ப்பவர்கள் அதைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். தனிப்பட்ட முகவரிதான் இருக்கிறது என்றால் அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தின் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் வேறு நாட்டில் இருந்தால் எந்த நாட்டு நேரம் என்று எழுதுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டவர் உங்களைப் புகழ்ந்து பேசும் மனநிலையில் இருக்க மாட்டார்.

விண்ணப்பப் படிவத்திலேயே ரெஃபரன்ஸ் கட்டம் இருந்தால் "இறுதிச் சுற்றில் தருகிறேன்" என்று எழுதிப் பாருங்கள். கட்டாயக் கட்டமாக இருந்தால் கொடுத்துவிட்டு அன்றே அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். இன்டர்வியூவே நடக்காமல் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ முதலில் ரெஃபரன்ஸ் எண்களை மட்டும் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை: வேலை என்ற பெயரில் மேனேஜர்களின் எண்களைச் சேகரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எண் அவருடையது, உங்களுடையதல்ல. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுக் கொடுப்பதே முறை.

இப்போது இருக்கும் கம்பெனி

வேலை தேடுவது இப்போதைய மேனேஜருக்குத் தெரியக் கூடாது, ஆனால் புதிய கம்பெனி இப்போதைய மேனேஜரிடம்தான் பேச வேண்டும் என்கிறது. எல்லாரையும் வாட்டும் சிக்கல் இது. இதில் வெட்கப்படவோ சுற்றி வளைக்கவோ எதுவுமில்லை. எச்.ஆரிடம் நேரடியாக இப்படிச் சொல்லலாம்: "நான் விலகப்போவது இங்கே யாருக்கும் தெரியாது. எழுத்துபூர்வமான ஆஃபர் வந்து, நான் ராஜினாமா கொடுத்த பிறகு இங்கே பேசிக்கொள்ளுங்கள். அதுவரை வேறு மூவரைத் தருகிறேன்." இது எங்கும் நடப்பதுதான், நல்ல கம்பெனி தவறாக எடுத்துக்கொள்ளாது. படிவத்தில் "இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா?" என்ற கேள்விக்கு "இப்போது வேண்டாம்" என்று போடுங்கள். மறந்து "ஆம்" என்று டிக் செய்துவிட்டு, அடுத்த நாளே மேனேஜரின் கேபினுக்குக் கூப்பிடப்பட்டவர்கள் உண்டு.

அந்த வேறு மூவர் யார்? உங்கள் கம்பெனியிலிருந்து சமீபத்தில் வெளியேறிய மேனேஜர் அல்லது சீனியர் முதல் தேர்வு. இப்போதைய வேலையைப் பார்த்தவர், ஆனால் அங்கே இல்லாதவர். அடுத்து, வாய் திறக்க மாட்டார் என்று நம்பக்கூடிய சக ஊழியர் ஒருவர். கிளையன்டைக் கேட்பதில் ஆபத்து உண்டு, அவர் எதேச்சையாக உங்கள் மேனேஜரிடம் சொல்லிவிடலாம். ப்ராஜெக்ட் முடிந்து போன கிளையன்ட் என்றால் பரவாயில்லை. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, பாராட்டு மெயில் போன்றவற்றைக் காட்டலாமா என்றால், கம்பெனி ரகசியமோ கஸ்டமர் பெயரோ அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே.

இங்கே ஒரு வரிசையை மட்டும் மாற்றவே கூடாது. பல ஆஃபர் கடிதங்களில் "ரெஃபரன்ஸ், சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். அது இருக்கும் வரை அந்த ஆஃபரைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. மற்ற ரெஃபரன்ஸ்களும் பழைய கம்பெனிகளின் சரிபார்ப்பும் முடிந்துவிட்டன, பாக்கி இருப்பது இப்போதைய கம்பெனி மட்டும்தான் என்று எச்.ஆரிடமிருந்து மெயிலில் வாங்கிக்கொண்டு ராஜினாமா கொடுங்கள். "எல்லாம் முடிஞ்ச மாதிரிதான், பேப்பர் போட்டுடுங்க" என்று போனில் சொல்வதை நம்பி நோட்டீஸ் கொடுத்துவிட்டு இரண்டு வேலையும் இல்லாமல் நிற்க வேண்டாம்.

பழைய பாஸோடு ஒத்துப்போகவில்லை என்றால்

முதலில், அவர் பெயரை யாரும் உங்களைக் கட்டாயப்படுத்திக் கேட்கும் வரை நீங்களாகத் தர வேண்டியதில்லை. அதே காலத்தில் உங்களை அறிந்த வேறு சீனியரைத் தரலாம். கட்டாயம் அவர்தான் வேண்டும் என்றால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அவரிடமே பேசுவது. காலம் போயிருந்தால் கோபமும் தணிந்திருக்கும்: "நம்ம ரெண்டு பேருக்கும் சில விஷயத்தில் ஒத்துவரல, தெரியும் சார். ஆனா வேலைன்னு பார்த்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டால் பலர் நியாயமாகவே பேசுவார்கள். இரண்டு, அந்தக் கம்பெனியின் எச்.ஆரிடம் அனுப்பி, தேதியும் பதவியும் மட்டும் உறுதி செய்யச் சொல்வது. மூன்று, புதிய கம்பெனியிடம் நீங்களே முந்திக்கொள்வது: "அவருக்கும் எனக்கும் ப்ராஜெக்ட் கெடு விஷயத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. அவரிடம் பேசுங்கள், கூடவே அதே ப்ராஜெக்டில் இருந்த இன்னொருவரிடமும் பேசுங்கள்." இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. நீட்டி முழக்கினால் சண்டைக்காரர் நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

நீங்கள் தராத ஆட்களிடமும் விசாரிப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். ஒரே துறையில் புழங்குபவர்களுக்கு இருவருக்கும் தெரிந்த ஒருவர் எங்காவது இருப்பார்; புதிய கம்பெனியின் மேனேஜர் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பார். இதைத் தடுக்க வழியில்லை. விலகும்போது வேலையை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வருவது ஒன்றுதான் கையில் இருக்கிறது.

நண்பனை மேனேஜராக நடிக்க வைக்கும் யோசனை வருபவர்களுக்கு: சரிபார்ப்பவர்கள் நீங்கள் தந்த எண்ணில் கூப்பிடாமல் கம்பெனியின் பொது எண்ணில் கூப்பிட்டு அவரை இணைக்கச் சொல்வார்கள். ஆன்லைன் படிவச் சேவைகள் சிலவற்றில் படிவம் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து நிரப்பப்பட்டது என்பதும் பதிவாகும். உங்கள் வீட்டு இணைப்பிலிருந்தே மூன்று ரெஃபரன்ஸும் வந்தால் முடிந்தது கதை. வேலையில் சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் நீக்குவதற்கு அது போதுமான காரணம்.

கடிதமாகக் கேட்டால்

கல்விப் பணிகளுக்கும் ஆராய்ச்சிப் பணிகளுக்கும் கடிதம்தான் வழக்கம், பெரும்பாலும் 3 கடிதம். கெடு தேதிக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன் கேளுங்கள். ஒரு வாரம் முன்பும் இரண்டு நாள் முன்பும் மரியாதையாக நினைவூட்டுங்கள். பல இடங்களில் கடிதத்தை எழுதுபவரே நேரடியாக இணையதளத்தில் ஏற்ற வேண்டும். உங்கள் கைக்கு வராது.

"நீயே ஒரு டிராஃப்ட் எழுதிக் கொடு, பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்வது சகஜம். முழுக் கடிதமாக எழுதாமல் குறிப்பாகக் கொடுப்பது மேல், நடை அவருடையதாக இருக்கும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். எழுதுபவர் யார், எத்தனை நாள் எந்த உறவில் தெரியும் என்று ஒரு பத்தி, குறிப்பிட்ட இரண்டு சம்பவம், எண்ணிக்கையோடு, அந்தப் பதவிக்கு ஏன் பொருத்தம் என்று ஒரு பத்தி, தொடர்பு விவரம். "அபாரமான", "ஈடு இணையற்ற" எல்லாம் வேண்டாம். மூன்று பேருக்கும் நீங்களே எழுதினால் மூன்றிலும் ஒரே வாக்கிய அமைப்பும் ஒரே நிறுத்தக்குறிப் பழக்கமும் தெரியும், மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பவர் ஒருவரே என்பதை மறக்காதீர்கள்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பிரிட்டனில் பெரும்பாலான வேலைகளுக்கு ரெஃபரன்ஸ் தர முதலாளிக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் தந்தால் அது உண்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும். ஜெர்மனியில் விலகும் ஊழியருக்கு எழுத்துபூர்வச் சான்று கேட்டுப் பெறும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சான்றுகளில் வார்த்தைக்கு வார்த்தை தரம் ஒளிந்திருக்கும்: "எங்கள் முழுத் திருப்திக்கு வேலை செய்தார்" என்பது சுமார்தான், "எப்போதும்" என்பதும் சேர்ந்தால் நல்லது, அதோடு "முழு" என்பதும் "மிக முழுமையான" என்று ஆனால்தான் முதல் தரம். அங்கே வேலை பார்த்தவர்கள் கையெழுத்தாகும் முன் விவரம் தெரிந்தவரிடம் படிக்கக் கொடுப்பது நல்லது.

பெயரைக் கொடுத்த பிறகு

பட்டியலை அனுப்பிய அதே மணி நேரத்தில் மூவருக்கும் செய்தி: "இன்று உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். இந்த வாரம் இந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள் அல்லது மெயில் வரும், ஸ்பாமிலும் ஒரு தடவை பாருங்கள்." தெரியாத எண்ணை எடுக்காமல் விடுவதாலும் படிவ மெயில் ஸ்பாமில் விழுவதாலும் போகும் நாட்கள்தான் அதிகம். மூன்று வேலை நாள் கழித்து எச்.ஆரிடம் கேளுங்கள்: "எல்லாரும் கிடைத்தார்களா? யாராவது கிடைக்கவில்லை என்றால் இன்னொருவர் தயாராக இருக்கிறார்." ரெஃபரன்ஸ் கொடுத்தவரிடம் "என்ன சொன்னீங்க?" என்று குடையக் கூடாது. "பேசினாங்களா சார்?" என்பதோடு நிறுத்துங்கள், சொல்ல வேண்டியது இருந்தால் அவரே சொல்வார், என்னென்ன கேட்டார்கள் என்பதில் புதிய கம்பெனி எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்து ரெஃபரன்ஸுக்குப் பிறகு திடீரென்று சத்தமே இல்லை என்றால், ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம். இரண்டாவது கம்பெனியிலும் அதே கட்டத்தில் நின்றால் பட்டியலை மாற்றுங்கள். இரண்டிலும் பொதுவாக இருந்தவர் யார் என்று பார்த்து, அவரை விலக்கிவிட்டு அடுத்தவரைப் போடுங்கள். அவரிடம் போய்ச் சண்டை போடுவதில் லாபமில்லை.

ஒரே ஆளை ஒரு மாதத்தில் நாலைந்து கம்பெனிக்குப் பேச வைக்காதீர்கள். மூன்றாவது அழைப்பிலேயே குரலில் சலிப்பு ஏறிவிடும். உண்மையில் சேர விரும்பும் வேலைக்கு மட்டும் சிறந்தவர்களைப் பயன்படுத்துங்கள்.

வேலை கிடைத்தால் எச்.ஆர். கடிதம் வந்த அன்றே ரெஃபரன்ஸ் கொடுத்தவர்களிடம் சொல்லி நன்றி தெரிவியுங்கள். கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் இன்னொரு அழைப்பு வரும்போது என்ன நடக்கிறது என்றே அவருக்குப் புரியாது. சில கம்பெனிகளில் சேர்ந்த பிறகும் சரிபார்ப்பு முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும், கடைசியாக விட்ட கம்பெனியின் முறை பெரும்பாலும் அப்போதுதான் வரும். அதனால் புதிய வேலை நிரந்தரமாகும் வரை பழைய நியமனக் கடிதம், விலகல் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள். பழைய அலுவலக மெயிலில் மட்டும் இருக்கும் ஆவணங்களை விலகும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலையே அந்த மெயில் முடக்கப்பட்டுவிடும்.